அரைநூல் அண்ணாச்சியின் உப்பு ஜாடி

தென்காசியில் எந்தப் பொருளும் நேராக இல்லை என்பதைக் கண்டுபிடித்தவர் அரைநூல் அண்ணாச்சிதான். அவர் வருவதற்கு முன்னால் ஊர் நன்றாகத்தான் இருந்தது. சுவரில் காலண்டர் தொங்கும், மேசை நிற்கும், டீக்கடை பெஞ்சில் நாலு பேர் உட்கார்ந்திருப்பார்கள், யாருக்கும் ஒரு குறையும் தெரியாது. எங்கள் பாசனப் பிரிவு அலுவலகத்துக்கு மாற்றலாகி வந்த முதல் நாள், அண்ணாச்சி வாசல்படியில் நின்று ஒரு கண்ணை மூடிக்கொண்டு, "காலண்டர் அரைநூல் எடப்பக்கம் சாஞ்சிருக்கு" என்றார். அதை நிமிர்த்திவிட்டுத்தான் வருகைப் பதிவேட்டில் கையெழுத்தே போட்டார்.

நூல் என்பது தச்சர், கொத்தனார் கணக்கு. அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. அதிலும் பாதி என்றால் நம்மைப் போன்றவர்கள் கண்ணாடி போட்டாலும் தெரியாது. அண்ணாச்சிக்குத் தெருவின் எதிர்ச் சாரியிலிருந்தே தெரியும். அவர் டிராப்ட்ஸ்மேன். மதகும் வாய்க்காலும் தாளில் வரைந்து கொடுப்பது உத்தியோகம். அதோடு நிறுத்தியிருந்தால் ஊர் பிழைத்திருக்கும். டீக்கடையில் உட்காரும் முன் பெஞ்சுக் காலுக்கு அடியில் பஸ் டிக்கெட்டை மடித்து வைப்பார். கல்யாண வீட்டில் தாலி கட்டப்போகிற நேரத்தில் எழுந்துபோய் வாசல் வாழைமரத்தை நிமிர்த்திக் கட்டுவார். கெட்டிமேளத்தின்போது மாப்பிள்ளையைப் பார்க்காமல் வாசலைப் பார்த்த கூட்டம் தென்காசியில் மட்டும்தான் இருந்திருக்கும்.

அப்போது எங்கள் ஊர்க் கோவில் கோபுரம் பிளந்து மொட்டையாக நின்ற காலம். அதைப் பற்றி மட்டும் அவர் வாயைத் திறக்க மாட்டார். கேட்டால், "அது நம்ம கை மீறுன சோலி" என்பார். அவருடைய நிஜப்பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. மற்றபடி பியூன் முதல் எஞ்சினியர் வரை எல்லாருக்கும் அவர் அரைநூல் அண்ணாச்சி.

இவ்வளவு துல்லியத்தையும் ஒரு மனிதர் எங்கே கொண்டுபோய்க் கொட்டுவார்? அண்ணாச்சி அதை ஒரு துப்பாக்கியில் கொட்டினார். அதில் என்னையும் சேர்த்துக் கொட்டினார் என்பதுதான் என் வருத்தம்.

நான் மாட்டியதற்கு என் வாய்தான் காரணம். டீக்கடையில் சும்மா இராமல், குற்றால சீசனில் பலூன் சுடுகிற கடையில் ஆறுக்கு ஆறும் உடைத்ததாகப் பீற்றிக்கொண்டேன். அண்ணாச்சி டீ கிளாஸைக் கீழே வைத்தார். அந்தக் கடைத் துப்பாக்கி எந்தப் பக்கம் இழுத்தது என்று கேட்டார். கவனிக்கவில்லை என்றேன்.

"கவனிக்காமயே ஆறு ஒடைச்சிருக்க. சரி, ஞாயித்துக்கெழம காலையில வா."

அன்றைக்கு வா என்று சொன்னவர் அதற்கப்புறம் நான்கு வருஷம் போ என்று சொல்லவில்லை.

பாளையங்கோட்டையில் ஜில்லா ரைபிள் கிளப் ஒன்று இருந்தது. அதற்குத் தென்காசியில் ஒரு கிளை. ஆரம்பித்த அன்று டாக்டர், வக்கீல், அரிசி மில்காரர் என்று பதினைந்து பேர் சேர்ந்து போட்டோ எடுத்துக்கொண்டார்கள். போட்டோ கைக்கு வந்ததும் பதினாலு பேர் நின்றுவிட்டார்கள். மிச்சம் அண்ணாச்சியும், ஜில்லா கிளப் கடனாகக் கொடுத்த ஒரு பாயிண்ட் டூ டூ துப்பாக்கியும். அதை வைத்து வேட்டைக்கெல்லாம் போக முடியாது. தோட்டா சுண்டுவிரலின் முதல் கணு அளவுதான் இருக்கும். ஐம்பது மீட்டர் தள்ளி ஓர் அட்டையை மாட்டி, அதில் உள்ள கறுப்பு வட்டத்தைச் சுடுவதற்கான துப்பாக்கி. அண்ணாச்சி செயலாளர். நான் சேர்ந்த பிறகு உறுப்பினர்களும் உண்டு என்று ஆயிற்று.

சட்டப்படி துப்பாக்கி போலீஸ் ஸ்டேஷன் பெட்டியில் இருக்க வேண்டும். ஞாயிறு காலை ஏட்டையாவிடம் கையெழுத்துப் போட்டு வாங்க வேண்டும், மத்தியானம் திரும்பக் கொடுக்க வேண்டும். ஏட்டையா ஒவ்வொரு வாரமும் அலுக்காமல், இந்த வாரமாவது ஏதாவது செத்ததா என்று கேட்பார். அண்ணாச்சியும் அலுக்காமல், காகிதம்தான் என்பார். நடுவில் நிற்கிற எனக்கு அலுத்துவிடும்.

சுடுகிற இடம் இலஞ்சிக்கு மேற்கே, கைவிட்ட கல்குவாரி. மூன்று பக்கமும் பாறை, பின்னால் மலை. ஊரெல்லாம் அந்தப் பாதை வழியாக அருவிக்குக் குளிக்கப் போகும். நாங்கள் மட்டும் குவாரிக்குள் திரும்புவோம். அண்ணாச்சி சாக்கை விரித்துக் குப்புறப் படுத்துப் பத்துத் தோட்டா சுடுவார். பாயிண்ட் டூ டூ போட்ட ஓட்டை கறுப்பு வட்டத்துக்குள் விழுந்தால் ஐம்பது மீட்டரிலிருந்து கண்ணுக்குத் தெரியாது. ஆகவே நான் நடந்துபோய் அட்டையைக் கழற்றி, நடந்து வந்து கொடுத்து, புது அட்டையை வாங்கிக்கொண்டு நடந்துபோய் மாட்டி, நடந்து திரும்ப வேண்டும். அந்த நாலு வருஷ நடையைப் பழனிக்கு நடந்திருந்தால் புண்ணியமாவது கிடைத்திருக்கும்.

அட்டையைப் பார்த்தால் அழுகை வரும். பத்து ஓட்டையும் ஒரு தோசை அகலத்துக்குப் பரவிக் கிடக்கும். துப்பாக்கி கிழடு. அதன் குழாய் நன்றாகத்தான் இருந்தது, அதைத் தாங்குகிற மரக்கட்டைதான் சொன்னபடி கேட்காது. வருஷத்துக்கு ஒருமுறை பாளையங்கோட்டையில் நடக்கும் போட்டியில் தென்காசிக் கிளைதான் கடைசி என்பது மரபாகவே ஆகிவிட்டது. ஒரு வருஷம் அங்கிருந்து கடிதம் வந்தது. அடுத்த போட்டியில் தென்காசி நூற்றுக்கு எண்பது புள்ளி எடுக்காவிட்டால் துப்பாக்கியைத் திரும்ப வாங்கிக்கொள்வார்கள். சிவகிரிக் கிளையில் ஆறு பேர் துப்பாக்கி இல்லாமல் காத்திருக்கிறார்களாம்.

அண்ணாச்சி அந்தக் கடிதத்தை அலுவலகத்தில் படித்தார். படித்து முடித்துவிட்டு, என் மேசை அரைநூல் முன்னால் வந்திருப்பதாகச் சொல்லித் தள்ளினார். அவருக்குக் குழந்தைகள் இல்லை. சீட்டு கிடையாது, சினிமா கிடையாது, வெற்றிலைகூடக் கிடையாது. இருந்தது அந்தத் துப்பாக்கி ஒன்றுதான். அதை எடுத்துக்கொண்டு போனால் இந்த மனிதர் ஞாயிற்றுக்கிழமைகளில் என்ன செய்வார் என்று எனக்குக் கவலை வந்தது. எனக்குத் தூங்கலாம் என்ற சந்தோஷமும் வந்தது. உண்மையைச் சொல்ல வேண்டும் அல்லவா?

அன்றிலிருந்து துப்பாக்கிக்கு வைத்தியம் ஆரம்பமாயிற்று.

முதலில் தோட்டா. இந்த வகைத் தோட்டாவுக்கு வெடிக்கிற மருந்து அடிவிளிம்பில் இருக்கிறது. ஊசி அந்த விளிம்பில் தட்டினால்தான் வெடிக்கும். விளிம்பின் கனம் ஒன்றுபோல் இருந்தால்தான் தோட்டா ஒன்றுபோல் போகும் என்பது அண்ணாச்சியின் கட்சி. பள்ளிக்கூட வாத்தியார் ஒருவரிடம் ஸ்க்ரூ கேஜ் இரவல் வாங்கி, நூற்றுக்கணக்கான தோட்டாக்களை ஒவ்வொன்றாக அளந்து, கனத்துக்கு ஒரு குழியாகப் பிரித்தார். பிரித்து வைக்க அவருக்குக் கிடைத்தது வீட்டு அஞ்சறைப்பெட்டி. மறுநாள் அவர் மனைவி, நான் மதினி என்று கூப்பிடுகிறவர், என்னை வாசலிலேயே நிறுத்திக் கேட்டார்.

"கடுகு எடுக்கக் கைய விட்டா தோட்டா வருது தம்பி. நான் தாளிக்கவா, வேண்டாமா?"

அடுத்து விசை. எவ்வளவு கனத்தில் இழுத்தால் சுடுகிறது என்று பார்க்க, மளிகைக் கடையில் எடைக்கல் வாங்கி விசையில் கட்டித் தொங்கவிட்டார். கடைக்காரர் வியாபாரத்தை நிறுத்திவிட்டு எடைக்கல் வருகிற வரை உட்கார்ந்திருந்தார். அப்புறம் கட்டையும் குழாயும் சேருகிற இடம். குழாய் கட்டையில் எங்கேயும் உரசக் கூடாது, உரசினால் ஒவ்வொரு வெடிக்கும் ஒவ்வொரு பக்கம் துள்ளும் என்றார். பஸ் டிக்கெட்டை இரண்டுக்கும் நடுவில் செருகி முன்னும் பின்னும் இழுத்துப் பார்ப்பார். டிக்கெட் சிக்குகிற இடத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பார். அந்த டிக்கெட்டைக் கடைசி வரை பிடித்துக்கொண்டு நின்ற கை என்னுடையது. எட்டு ஞாயிறு தேய்த்தோம். இனித் தேய்த்தால் கட்டை விறகுதான் என்ற நிலையில் நிறுத்தினார்.

குழாயைக் கட்டையோடு பிடித்திருப்பது இரண்டு திருகாணிகள். அவற்றின் இறுக்கம் மாறினால் குறி மாறும். அண்ணாச்சி இரண்டின் இறுக்கத்தையும் எனக்கு மனப்பாடம் செய்வித்தார். முன் திருகு ஊறுகாய் பாட்டில் மூடி இறுக்கம். பின் திருகு சைக்கிள் டியூப் வால்வு இறுக்கம். இரண்டையும் மாற்றிச் சொல்லிவிட்டேன் என்பதற்காக ஒரு நாள் முழுவதும் என்னோடு பேசவில்லை.

ஆனால் எல்லாவற்றையும் விடப் பெரிய கூத்து குளிப்பாட்டுவதுதான். ஆரம்பத்தில் சுட்டு முடித்ததும் துணியும் எண்ணெயும் போட்டுக் குழாயைக் கண்ணாடியாகத் துடைப்பார். பிறகு ஒரு விஷயம் கண்டுபிடித்தார். துடைத்த மறுவாரம் முதல் ஐந்தாறு தோட்டா கண்டபடி போகிறது. உள்ளே கொஞ்சம் அழுக்குப் படிந்த பிறகுதான் ஒழுங்குக்கு வருகிறது. அன்றோடு துடைப்பதை நிறுத்தினார். "குளிப்பாட்டினா சளி பிடிச்சிரும் லே அதுக்கு" என்றார். தேசம் முழுவதும் குளிப்பதற்காகவே குற்றாலத்துக்கு வருகிறது. அங்கே குளிக்கக் கூடாத ஒரே ஜீவன் எங்கள் துப்பாக்கி.

பங்குனி வெயிலில் ஒரு காலை அது நடந்தது. அட்டையை எடுத்து வந்து கொடுத்தேன். அண்ணாச்சி சட்டைப்பையிலிருந்து ஒரு ரூபாய் நாணயத்தை எடுத்து ஓட்டைகளின் மேல் வைத்தார். பத்தும் நாணயத்துக்கு அடியில் மறைந்துவிட்டன. தொண்ணூற்று மூன்று புள்ளி. அவர் பாறையில் போய் உட்கார்ந்தார். அந்த ரூபாயை அதற்கப்புறம் அவர் செலவழிக்கவில்லை. எனக்கும் நடந்த நடை வீண் இல்லை என்று முதல்முறையாகத் தோன்றியது. துப்பாக்கி பிழைத்தது என்று நினைத்தோம்.

ஆனி பிறந்து சாரல் விழுந்தது. ரூபாய்க்குள் அடங்கின பத்துத் தோட்டாவும் அப்படியே கூட்டமாக இரண்டு அங்குலம் இடதுபக்கம் குடிபோயின.

அண்ணாச்சிக்கு அந்த வாரம் தூக்கம் இல்லை. திருகாணியைப் பார்த்தார், தோட்டாவை மறுபடி அளந்தார், தன் கண்ணையே டாக்டரிடம் காட்டினார். ஒன்றிலும் குற்றம் இல்லை. ஒருநாள் மத்தியானம் அவர் வீட்டில் இலை போட்டு உட்கார்ந்திருந்தோம். சோற்றைப் பிசையாமல் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். மதினி உப்பு ஜாடியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு அலுத்துக்கொண்டார்.

"சாரல் விழுந்தா ஜாடிக்குள்ள இருக்க உப்பே கசியுது. ஒங்க கட்டைக்கு மட்டும் என்ன கொம்பா மொளச்சிருக்கு?"

அண்ணாச்சி ஜாடிக்குள் விரலை விட்டார். விரலைப் பார்த்தார். மதினியைப் பார்த்தார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் அப்படிப் பார்த்ததில்லை என்று மதினி பிற்பாடு என்னிடம் சொன்னார். கட்டை ஈரத்தில் ஊதிக் குழாயை இடதுபக்கம் நெட்டுகிறது. வெயிலில் சுருங்கி விட்டுவிடுகிறது. வார்னிஷ் அடித்துப் பார்த்தோம், குற்றாலச் சாரல் வார்னிஷை மதிக்கவில்லை. ஆகவே அண்ணாச்சி சாரலோடு சமாதானமாகப் போனார். துப்பாக்கியின் பின்பக்கம் குறி பார்க்கிற ஓட்டையை நகர்த்த ஒரு திருகு உண்டு. அது சொடுக்குச் சொடுக்கென்று நகரும். ஒரு சொடுக்குக்கு அட்டையில் நாலு நூல், அதாவது அரை அங்குலம். உப்பு உதிர்ந்தால் நகர்த்த வேண்டாம். உப்பு ஒட்டினால் வலப்பக்கம் இரண்டு சொடுக்கு. உப்பு கசிந்தால் நாலு சொடுக்கு. உப்பும் கட்டையும் ஒரே வேகத்தில் ஊறுகிறதா, காய்கிறதா என்று இரண்டையும் அடுப்புப் பக்கத்தில் வைத்துப் பரிசோதித்தார். அன்று மதினி சமைக்கவில்லை.

பலித்தது என்பதுதான் ஆச்சரியம். அதற்கப்புறம் சாரலிலும் தொண்ணூறுக்குக் குறையவில்லை. ஞாயிறுதோறும் அவர் துப்பாக்கியோடு முன்னால் போவார், நான் உப்பு ஜாடியும் குடையுமாகப் பின்னால் போவேன். ஏட்டையா எங்களை ஏற இறங்கப் பார்த்தார்.

"துப்பாக்கி எடுத்தாச்சு, உப்பும் எடுத்தாச்சு. பன்னி மட்டும் எங்கனயாவது செத்துக் கெடந்துச்சு, ரெண்டு பேரையும் உள்ள வச்சிருவேன் அண்ணாச்சி."

போட்டி ஆடியில் வந்தது. ஆடியில் தென்காசியில் சாரல், இரண்டு மணி நேரம் கிழக்கே போனால் பாளையங்கோட்டையில் வெள்ளை வெயில். போட்டியில் சோதனைத் தோட்டா கிடையாது. பத்துத் தோட்டா, சுட்டு முடித்த பிறகுதான் அட்டை கைக்கு வரும். நடுவில் நடந்துபோய்ப் பார்க்க அங்கே என்னை விடவும் மாட்டார்கள். ஆகவே கட்டை எவ்வளவு காய்ந்திருக்கிறது என்று சொல்ல உப்பு ஒன்றுதான் சாட்சி. துப்பாக்கி காற்றுப் புகுகிற மெல்லிய துணி உறையில் வரும். ஜாடியும் மூடி இல்லாமல், வாயில் மெல்லிய துணி மட்டும் கட்டி, ஜன்னலோரம் வர வேண்டும். கட்டை படுகிற வெயிலை உப்பும் பட வேண்டும். "மூடிய மட்டும் போட்டுராத லே" என்று அண்ணாச்சி பஸ் ஸ்டாண்டுக்குள் மூன்று முறை சொன்னார். அதற்கு முன்பே வீட்டு வாசலில் மதினி வேறொன்று சொல்லியிருந்தார்.

"தம்பி, ஜாடி எங்க அம்மா வீட்டுச் சீரு. ஒடஞ்சிராம, மண்ணு விழுந்திராம கொண்டுவந்து சேத்துரும்."

பஸ்ஸில் சீசன் கூட்டம். ஈரத் தலைகளுக்கு நடுவில் அண்ணாச்சிக்கு முன்னால் ஓர் இடம், எனக்குக் கடைசியில் ஓர் இடம் கிடைத்தது. அந்த வாரம் அலுவலகத்தில் தணிக்கை, எனக்கு ஆறு நாளும் சரியான தூக்கம் இல்லை. பாவூர்ச்சத்திரம் தாண்டியதும் கண் சொக்கியது. ஆலங்குளத்தில் ஆடிக்காற்று செம்மண்ணை அள்ளிக்கொண்டு ஜன்னல் வழியாக உள்ளே வந்தது. ஜாடித்துணி மேல் மண் படிந்தது. மதினியின் முகம் நினைவுக்கு வந்தது. இந்தக் காற்று போகிற வரைக்கும்தானே என்று துணியை அவிழ்த்து, பையிலிருந்த மூடியை எடுத்துப் போட்டு, அதன் மேல் துணியைக் கட்டினேன். கட்டிவிட்டுத் தூங்கிப்போனேன்.

கண்டக்டர் எழுப்பியபோது பஸ் நின்றிருந்தது. முன்வாசல் வழியாக அண்ணாச்சி இறங்கிக்கொண்டிருந்தார். நான் அவசரமாக மூடியை எடுத்துப் பைக்குள் போட்டு, துணியை மறுபடி கட்டினேன். கொஞ்ச நேர மூடல், உப்புக்கு என்ன தெரியப்போகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பஸ் தாமதம். நாங்கள் போய்ச் சேரும்போதே தென்காசி என்று கூப்பிட்டுவிட்டார்கள். அண்ணாச்சி துணியை விலக்கி ஜாடிக்குள் விரலை விட்டார். விரலை எடுத்துப் பார்த்தார். வானத்தைப் பார்த்தார், ஒரு பொட்டு மேகம் இல்லை. பிறகு என்னைப் பார்த்தார்.

"கசியுதே லே. ஜாடி தொறந்துதான இருந்துச்சு?"

"ஆமா அண்ணாச்சி" என்றேன்.

அவ்வளவுதான். அவர் மறுபடி கேட்கவில்லை. அவருக்கு நான் சொன்னால் சொன்னதுதான். குறித் திருகைத் தொட்டு, தென்காசிச் சாரலுக்கு வைத்திருந்த நாலு சொடுக்கு வலப்பக்கமே இருக்கட்டும் என்று உறுதிசெய்துகொண்டு, சாக்கில் படுத்தார். உண்மையைச் சொல்ல அப்போதும் நேரம் இருந்தது. பத்துத் தோட்டாவுக்கு நடுவிலும் நேரம் இருந்தது. ஒவ்வொரு தோட்டாவுக்கும் அவர் மூச்சை அடக்கும்போது நானும் அடக்கினேன், வாயையும் சேர்த்து. அவர் அப்படிச் சுட்டு நான் பார்த்ததில்லை. பத்து வெடிக்கும் துப்பாக்கி ஒன்றுபோலத்தான் அசைந்தது.

அட்டை வந்தது. ஜில்லா கிளப் செயலாளர், வயதான மனிதர், அதைக் கண்ணருகே கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அண்ணாச்சி வாங்கிப் பார்த்தார். சட்டைப்பையிலிருந்து அந்த ரூபாயை எடுத்து வைத்தார். பத்து ஓட்டையும் அதற்கடியில் மறைந்தன. ஓரம்கூட வெளியே தெரியவில்லை. ஆனால் ரூபாய் உட்கார்ந்திருந்த இடம் நடுப்புள்ளிக்கு இரண்டு அங்குலம் வலப்பக்கம். மொத்தம் நாற்பத்தொரு புள்ளி.

இவ்வளவு நெருக்கமாக விழுந்து தான் பார்த்ததே இல்லை என்று செயலாளர் மனதாரச் சொன்னார். ஆனால் புள்ளிதான் கணக்கு என்பதையும் வருத்தத்தோடு சொன்னார். அண்ணாச்சி தலையாட்டினார். துப்பாக்கியைத் துணி உறையில் போட்டு, முடிச்சு நடுவில் வருகிற மாதிரி கட்டி, அவரிடம் கொடுத்தார்.

திரும்புகிற பஸ்ஸில் கூட்டம் இல்லை. பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம். அவர் மடியில் துப்பாக்கி இருக்க வேண்டிய இடத்தில் உப்பு ஜாடி இருந்தது. ஆலங்குளம் வந்ததும் என்னால் தாங்க முடியவில்லை. மூடியைப் போட்டதையும், தூங்கினதையும், பொய் சொன்னதையும் எல்லாம் சொன்னேன். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்தால் தேவலை என்றும் நினைத்தேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பாவூர்ச்சத்திரம் வருகிற வரைக்கும் விரல்களை மடக்கி மடக்கி ஏதோ எண்ணிக்கொண்டிருந்தார்.

"நாலு சொடுக்கு. சொடுக்குக்கு நாலு நூலு. பதினாறு நூலு, ரெண்டு அங்குலம். சரியா அங்கனதான் விழுந்திருக்கு. அப்ப கணக்கு தப்பில்ல லே."

அதையே இன்னும் இரண்டு முறை சொன்னார். கண் கலங்கியிருந்தது. சந்தோஷமா துக்கமா என்று கேட்கிற தகுதி எனக்கு இல்லை. தென்காசியில் இறங்கும்போது சாரல் விழுந்துகொண்டிருந்தது. ஜாடியைத் துண்டால் மூடிக்கொண்டே சொன்னார்.

"மதினிகிட்ட மூடிச் சமாச்சாரத்தச் சொல்லிராத. மண்ணு விழப்படாதுன்னு சொன்னது அவதான? தன்னாலதான்னு நெனச்சு மருகிட்டுக் கெடப்பா."

மறுநாள் அலுவலகத்தில் காலண்டர் சாய்ந்திருந்தது. தேதி கிழித்தபோது பியூன் இழுத்துவிட்டிருந்தான். அண்ணாச்சி அதன் கீழேயே நடந்துபோய்த் தன் இடத்தில் உட்கார்ந்தார். டீக்கடையில் பெஞ்சு ஆடியது, அவரும் சேர்ந்து ஆடிக்கொண்டு டீ குடித்தார். கடைக்காரரே பயந்துபோய், உடம்புக்கு முடியவில்லையா என்று கேட்டார். சிவகிரிக்காரர்களுக்கு நாலு பக்கத்தில் ஒரு கடிதம் மட்டும் எழுதினார். முன் திருகு, பின் திருகு, விளிம்புக் கனம், உப்பு, கட்டாயம் குளிப்பாட்டாதீர்கள். அவர்கள் துப்பாக்கி வந்த அன்றே எண்ணெய் போட்டுத் துடைத்துவிட்டதாகக் கேள்விப்பட்டு அண்ணாச்சி இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை என்று மதினி சொன்னார்.

எனக்கு நான் கேட்ட ஞாயிற்றுக்கிழமைகள் கிடைத்தன. முதல் ஞாயிறு பகல் முழுவதும் தூங்கினேன். இரண்டாவது ஞாயிறு காலை ஆறு மணிக்கே விழித்துக்கொண்டு, என்ன செய்வது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். ஐம்பது மீட்டர் நடக்க ஓர் இடம் இல்லை. எனக்கே இப்படி என்றால் அவருக்கு எப்படி இருக்கும்?

திங்கட்கிழமை எல்லாருக்கும் முன்னால் அலுவலகம் போனேன். காலண்டரைப் பிடித்து ஒரு விரல்கடை சாய்த்துவிட்டு என் இடத்தில் உட்கார்ந்துகொண்டேன். அண்ணாச்சி வந்தார், பார்த்தார், போய்விட்டார். செவ்வாய்க்கிழமை இன்னும் கொஞ்சம் சாய்த்தேன். புதன்கிழமையும் அப்படியே. வியாழக்கிழமை அவர் வாசலைத் தாண்டி இரண்டடி போனவர் நின்றார். திரும்பி வந்து ஒரு கண்ணை மூடினார். பிறகு முக்காலியை இழுத்துப்போட்டு ஏறி, காலண்டரை நிமிர்த்தினார். இறங்கி வந்து, என் மேசை அரைநூல் வெளியே இருப்பதாகச் சொன்னார். நான் எழுந்து நகர்ந்துகொண்டேன். அந்த அரைநூல் தொந்தரவை நான் எவ்வளவு தேடியிருந்தேன் என்று அப்போதுதான் தெரிந்தது.

அதற்கப்புறம் அவர் ஓய்வு பெறுகிற வரை ஆறு வருஷம், நான் லீவு போட்ட நாள் தவிர, காலண்டரைச் சாய்ப்பது என் வேலை, நிமிர்த்துவது அவர் வேலை. அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. அவருக்குத் தெரியாது என்று நம்பிக்கொண்டிருந்தேன். தெருவின் எதிர்ச் சாரியிலிருந்து அரைநூல் பார்க்கிற மனிதர் என்பது மறந்துபோயிற்று.

ஓய்வு பெற்ற அன்று மாலை போட்டார்கள், சால்வை போர்த்தினார்கள். எல்லாரும் காராசேவு தின்னப் போனதும் என்னைக் கூப்பிட்டுக் காலண்டருக்கு முன்னால் நிறுத்தினார்.

"ஆறு வருசமா தெனமும் இத நீதான் சாய்க்க. ஒரே அளவுல ரெண்டு நாளு சாச்சிருக்கியாலே?"

"இல்ல அண்ணாச்சி."

"ஒரு நா ரெண்டு நூலு, ஒரு நா ஆறு நூலு. ஒன்ன வச்சுக்கிட்டு நான் என்ன செய்ய?" என்று சொல்லி, என் தோளில் கையை வைத்தார். கொஞ்ச நேரம் எடுக்கவில்லை. பிறகு காலண்டரை நிமிர்த்திவிட்டுப் போனார்.

மறுநாளும் பழக்கதோஷத்தில் சீக்கிரம் போய்ச் சாய்த்து வைத்துவிட்டேன். சாயங்காலம் வரை அது சாய்ந்தே தொங்கியது. எல்லாரும் போன பிறகு முக்காலியைப் போட்டு ஏறி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு நானே நிமிர்த்தினேன். நேராக இருக்கிறதா என்று கேட்கத் திரும்பினேன். ஆள் இல்லை.